மூன்று ஆள் சாப்பாடு

சேசு மரி சூசை துணை

ஆவூர்,
தவக்காலத்து ஞாயிறு, பூசை முடிந்து

பெருமதிப்பிற்குரிய அருட்தந்தை எழிலரசன் அவர்களின் திருச்சமூகத்துக்கு, அவரைப் பெற்ற வெறுந்தந்தை அடைக்கலம் தாழ்மையுடன் எழுதிக்கொள்வது. தோத்திரம் சாமி. இங்கே நான், கிணற்று மோட்டார், உங்கள் அம்மாவின் தையல் மெஷின் எல்லோரும் சௌக்கியம். அங்கே தாங்களும் தங்கள் குருமடத்து மாணவர்களும், தாங்கள் பாடம் நடத்தும் தத்துவமும் இறையியலும் சௌக்கியமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். பெற்ற பிள்ளையை 'சாமி' என்று எழுத இன்னும் கை ஒரு தரம் நின்றுதான் போகிறது. தாங்கள் குருப்பட்டம் வாங்கிய அன்றைக்கு உங்கள் அம்மா, "இனிமே அவன் இவன்னு பேசப்படாது. ஊருக்குச் சாமின்னா நமக்கும் சாமிதான்" என்று சொல்லிவிட்டாள். ஆரோக்கியம்மாள் போட்ட சட்டத்தை அவள் இல்லாதபோதும் மீறுவதில்லை. இடையில் எங்காவது 'நீ' என்று வந்தால் அது பேனாவின் குற்றம்.

வாட்ஸ்அப்பில் எழுதாமல் ஏன் தபாலில் எழுதுகிறான் கிழவன் என்று நினைப்பீர்கள். வாட்ஸ்அப்பில் நான் எதை அனுப்பினாலும் தாங்கள் கும்பிடும் கை ஒன்றைப் பதிலுக்கு அனுப்புகிறீர்கள். அது வணக்கமா, நன்றியா, ஆளை விடுங்கள் என்பதா என்று எனக்கு விளங்கவில்லை. தவிரவும் இது விளக்கக் கடிதம். போன வெள்ளிக்கிழமை ஆவூரில் நம் வீட்டில் மூன்று சாமியார்கள் உட்கார்ந்து கோழிக்குழம்பு சாப்பிட்டதாகவும், அப்போது உள்ளே ஒரு இங்கிலீஷ்காரப் பெண் இருந்ததாகவும் ஒரு பேச்சு தங்கள் மேலிடத்துக்கு வந்து சேர்ந்தால் தாங்கள் பதறக் கூடாது. நடந்தது வேறு. முழுக்க எழுதுகிறேன், பொறுமையாக வாசிக்கவும்.

அம்மாவின் வருஷப் பூசைக்கு வந்தபோது தாங்கள் ஒரு ஸ்பீக்கர் டப்பாவை என் கையில் கொடுத்து, "பொழுது போகலைன்னா என் வகுப்பெல்லாம் ரெக்கார்டு பண்ணி யூடியூப்ல போட்டுருக்காங்கப்பா, கேளுங்க" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் குக்கர் விசில் அடிப்பதற்குள் காரில் ஏறிப் போய்விட்டீர்கள். நானும் கேட்க ஆரம்பித்தேன். பொழுது போவதற்காக அல்ல, அறிவு வளர்வதற்காக மட்டுமே என்பதைத் தாங்கள் மனதில் வைக்க வேண்டும். முதல் பாடம் 'இருத்தல்'. ஒன்று இருப்பது வேறு, அது இன்னதாக இருப்பது வேறு என்று ஒரு மணி நேரம் சொன்னீர்கள். கால்நடை ஆய்வாளராக வேலை பார்த்த காலம் முழுவதும் எனக்குத் தெரிந்தது மாடு இருக்கிறதா, போய்விட்டதா என்ற இரண்டுதான். அதில் இவ்வளவு விஷயம் இருப்பது தெரிந்திருந்தால் ரிட்டையர் ஆவதற்கு முன்பே பயந்து வேலையை விட்டிருப்பேன். நடுவில் நிறுத்தி நிறுத்தி "புரிகிறதா?" என்று கேட்கிறீர்கள். கேட்டால் பதில் சொல்வதுதானே மரியாதை, "இல்லைங்க சாமி" என்று நானும் ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடுகிறேன். "நல்லது, மேலே போவோம்" என்று தாங்கள் போய்விடுகிறீர்கள்.

இந்த இடத்தில் ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். அதே பாடத்தில் உதாரணத்துக்கு, "எங்க ஊர்ல ஒரு மாட்டு டாக்டர் இருந்தாரு" என்று ஒரு கதை சொல்கிறீர்கள். பசு நிறம் மாறினாலும் பசுவாகவே இருக்கிறது என்று அவர் சொன்னாராம், மாணவர்கள் சிரிக்கிறார்கள். அந்த ஒரு மாட்டு டாக்டர் யார் என்று தாங்கள் சொல்லவில்லை, போகட்டும். ஆனால் 'இருந்தாரு' என்பது தப்பு. இருத்தலைப் பற்றிய பாடத்திலேயே இப்படிச் சொல்லலாமா? இருக்கிறார். இங்கேயேதான் இருக்கிறார். அடுத்த வருஷம் அதே பாடம் நடத்தும்போது தயவுசெய்து மாற்றிக்கொள்ளவும்.

இனி வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். தவக்கால வெள்ளி, சுத்தபோசனம், கறி தொடக் கூடாத நாள், ஆகையால் நான் பின்கட்டில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கிறேன். நடுவீட்டில் ஸ்பீக்கரில் தாங்கள், பிதா சுதன் பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்கிற தமத்திரித்துவத்தைப் பற்றி முழங்கிக்கொண்டிருக்கிறீர்கள். பின்வீட்டு சொர்ணவல்லி சுவருக்கு மேலே தலையை நீட்டி, "டாக்டரண்ணே, உள்ள தம்பி கொரல் கேக்குது. சாமியாரு தம்பி வந்துருக்காகளா?" என்றாள். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள், "சமைக்காதீங்க, நான் கொண்டாரேன். எத்தனை ஆளுண்ணே?" என்று கேட்டுவிட்டாள். நான் மூச்சு விடுவதற்குள் உள்ளேயிருந்து தாங்கள் கணீரென்று, "மூன்று ஆட்கள்! இதில் யாருக்கும் சந்தேகமே வரக் கூடாது!" என்றீர்கள். "மூணு பேரா! கூட்டாளி சாமியாருகளும் வந்துருக்காக போலருக்கே" என்று அவள் தலை சுவருக்கு அந்தப் பக்கம் இறங்கிவிட்டது. நான் கூப்பிட்டு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. எத்தனை ஆள் என்று இந்த வீட்டைப் பார்த்து யாராவது கேட்டு எவ்வளவு காலமாயிற்று சாமி. அந்தக் கேள்வி காதுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்தது, அதுதான் உண்மை.

சொர்ணவல்லிக்கு நம் சுத்தபோசனம் எங்கே தெரியும்? வளர்த்த நாட்டுக்கோழி ஒன்றை அடித்துக் குழம்பு வைத்து, மூன்று தட்டில் சோறு போட்டு நடுவீட்டு வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டாள். வாசனை தெரு முழுக்கப் போய்விட்டது. அவள் வீட்டுக்காரன் திருப்பதி அப்போதுதான் புது டிராக்டர் எடுத்து வந்திருந்தான். மூன்று சாமியார் வந்திருக்கும்போது மந்திரிக்காமல் ஓட்டுவதா என்று, பங்குச் சாமி புதுக்கோட்டைக்குப் போயிருந்ததால், கோயில் உபதேசியார் பிச்சையைத் தீர்த்தச் செம்போடு டிராக்டரிலேயே ஏற்றி அழைத்து வந்துவிட்டான். பிச்சை வாசலில் செருப்பைக் கழற்றி, நடுவீட்டுத் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் முழங்கால் போட்டு, "தோத்திரம் சாமி" என்றார். உள்ளேயிருந்து தாங்கள், "உட்காருங்கள்" என்றீர்கள். மாணவர்களுக்குச் சொன்னது. பிச்சை உட்கார்ந்துவிட்டார். திருப்பதியும் உட்கார்ந்தான். "கடைசி பெஞ்சில் கொட்டாவி விடுகிறவர் யார்?" என்றீர்கள். திருப்பதி டக்கென்று வாயை மூடிக்கொண்டான். நான் கீரைக் காம்பைக் கையில் பிடித்தபடி எப்படி இதைச் சொல்வது, எங்கே ஆரம்பிப்பது என்று விழித்துக்கொண்டு நிற்கும்போதுதான் டப்பாவில் சார்ஜ் குறைந்து அந்தப் பெண் பேசினாள். "பேட்டரி லோ! ப்ளீஸ் சார்ஜ்!" நல்ல இங்கிலீஷ், நல்ல கொஞ்சல்.

பிச்சை முதலில் திரைச்சீலையைப் பார்த்தார். பிறகு வெள்ளிக்கிழமையும் அதுவுமாக மூன்று தட்டுக் கோழியைப் பார்த்தார். பிறகு சிலுவை போட்டுக்கொண்டார். "டாக்டரே, உள்ள அந்தம்மா யாரு?" என்றார். அந்தம்மா இன்னொரு தடவை "ப்ளீஸ்" என்றாள். இதற்கு மேல் தங்கள் பெயரைக் கெடுக்க முடியாது என்று நானே திரையைத் தள்ளிவிட்டேன். உள்ளே தங்கள் நாற்காலி. அதில் ஸ்பீக்கர். கீழே வைத்தால் தரையிலிருந்து பேசுவது போல இருக்கிறது, அலமாரியில் வைத்தால் செய்தி வாசிப்பது போல இருக்கிறது என்று, நாற்காலியில் தலையணை போட்டு, ஒரு ஆள் உட்கார்ந்து பேசுகிற உயரத்துக்கு வைத்திருந்தேன். எதிரில் என் நாற்காலி.

சிரித்திருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை சாமி, அதுதான் கஷ்டமாகப் போய்விட்டது. சொர்ணவல்லி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஏண்ணே, ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல" என்றாள். கடைசியில் திருப்பதிதான் வழி சொன்னான். "குரலு சாமியாரு குரலுதானே? அதையே வச்சு மந்திரிச்சு விடுங்க, நேரம் போகுது." சும்மா கொஞ்ச நேரம் சார்ஜ் போட்டு டப்பாவை டிராக்டர் மூக்கின் மேல் வைத்தோம். அடுத்த பாடம் தானாக ஓடியது. 'தீமை என்றால் என்ன'. தாங்கள் பேசப் பேச பிச்சை நாலு டயருக்கும் தீர்த்தம் தெளித்தார். பாதிப் பாடத்தில் சார்ஜ் தீர்ந்து தாங்கள் நின்றுவிட்டீர்கள். மறுநாள் டிராக்டர் கண்மாய்க் கரையில் ஒரு சக்கரம் இறங்கிச் சாய்ந்துவிட்டது. திருப்பதிக்கு மிதமாக ஓட்டத் தெரியாது என்பது ஊரறிந்தது. ஆனால் அவன், "பாதி மந்திரிப்புல நின்னு போச்சுல்ல, அதான். மிச்சத்த தம்பி நேர்ல வந்து முடிச்சுக் குடுக்கணும்" என்று தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

கோழியையும் யாரும் தொடவில்லை, நான் உட்பட. இதைத் தங்கள் மேலிடத்துக்கு எழுத்திலேயே தரச் சம்மதிக்கிறேன். சொர்ணவல்லி கீரையைப் பிடுங்கிக்கொண்டு போய்ச் சமைத்து வந்தாள்.

அன்றிலிருந்து எனக்கு ஊரில் நிம்மதி இல்லை. பால்காரர் காசு வாங்கிய பிறகும் நின்று பேசுகிறார். பங்குச் சாமி இன்று பூசை முடிந்து தோளில் கை போட்டு, "தனியா இருக்காதீங்க, கோயிலுக்கு வாங்க" என்றார். கோயில் வாசலில் நின்றுதான் சொன்னார். எல்லோரும் என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள், சினை பிடிக்காத மாட்டைப் பார்க்க வந்தவர்கள் மாதிரி.

நிற்க. பாடத்தில் இரண்டு சந்தேகம், பதில் எழுதினால் போதும். ஒன்று. தமத்திரித்துவத்தில் 'ஆள்' என்றால் தனியாக நிற்கிற ஒன்று அல்ல, ஆள் என்பதே உறவுதான் என்கிறீர்கள். மகன் இருப்பதால்தான் தந்தை தந்தை, தனியாகத் தந்தை என்று ஒருவர் இருக்கவே முடியாது என்கிறீர்கள். இதை மட்டும் நான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். மகன் ஊருக்கெல்லாம் தந்தையாகிவிட்டால், பெத்தவன் யாரு சாமி? அந்தக் கணக்குப்படி பார்த்தால் நம்ம வீட்டுல மூணு ஆளும் இல்ல, ரெண்டு ஆளும் இல்ல. ஒரு ஆளுகூட இல்லியே. இரண்டு. தீமை என்பது ஒரு பொருள் அல்ல, இருக்க வேண்டியது இல்லாமல் இருப்பது என்கிறீர்கள். கல்லுக்குக் கண் இல்லாவிட்டால் குறை இல்லை, கன்றுக்குட்டிக்கு இல்லாவிட்டால்தான் குறை. இது எனக்கு நன்றாக விளங்கிவிட்டது. நீ அடுத்த வீட்டிலும்தான் இல்லை, அது அவர்களுக்கு ஒன்றும் செய்வதில்லை. (பேனா.)

ஆகவே தாங்கள் இதற்காக வர வேண்டாம். ஈஸ்டர் பாஸ்காவுக்கும் வர வேண்டாம். பெரிய வாரம் முழுக்க தங்களுக்கு எங்கெங்கோ பூசை இருக்கும், தெரியாதா? இப்போது வந்தால் அப்பன்மேல் பரிதாபப்பட்டு வந்தார் என்று ஊர் பேசும், எனக்கும் அது வேண்டாம். நான் நன்றாகவே இருக்கிறேன். சாப்பாடு, மாத்திரை, தூக்கம் எல்லாம் ஒழுங்கு. ஸ்பீக்கரை நாற்காலியிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன்.

கடிதத்தை முடிக்க வேண்டும், எப்படி என்றுதான் தெரியவில்லை. தகப்பன் என்ற முறையில் ஆசீர்வாதம் நான் தர வேண்டும், சாமியார் என்ற முறையில் தாங்கள் தர வேண்டும். என்னுடையதை இத்துடன் அனுப்பியிருக்கிறேன், தங்களுடையதைத் தபாலில் எதிர்பார்க்கிறேன். வழியில் எங்காவது இரண்டும் சந்தித்துக்கொள்ளட்டும்.

தாழ்மையுள்ள,
சூ. அடைக்கலம்
கால்நடை ஆய்வாளர் (ஓய்வு)

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது சொர்ணவல்லி சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். "பாஸ்காவுக்குக் கோழி புடிச்சு அடைக்கணும்ணே. எத்தனை ஆளு?" உள்ளே ஸ்பீக்கர் ஓடவில்லை. பதில் சொல்ல வேறு யாரும் இல்லை, நானேதான் சொன்னேன். ரெண்டு ஆளுன்னு சொன்னேன். அவ சந்தோசமா போயிட்டா.

அரசு, மேலே எழுதுனதெல்லாம் சாமிக்கு. அதுல ஒரு வார்த்தையும் நம்பாத. அறிவு ஒண்ணும் வளரல, ஒரு பாடமும் எனக்குப் புரியல, சத்தத்துக்குத்தான் போட்டு வச்சுருந்தேன். இது ஒனக்கு. நாற்காலியத் தொடச்சுப் போட்டுருக்கேன். வந்துருப்பா.