துரை இறங்கச் சொன்னார்

போடிநாயக்கனூரில் குதிரைக்கு சல்யூட் அடித்துவிட்டு அதன்மேல் ஏறிய ஒரே போலீஸ்காரர் எங்கள் குதிரை ஏட்டுதான். போடியில் என்ன, இந்தப் பூமியிலேயே அவர் ஒருத்தர்தான் என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன். பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருந்திருக்கும். அதைக் கேட்கிற தைரியம் எங்கள் ஜீப் ஸ்டாண்டில் யாருக்கும் வரவில்லை.

எழுபதுகளின் கடைசி. நான் போடியிலிருந்து மலைமேல் இருக்கிற போடிமெட்டுக்கு ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஏலத்தோட்டத்துப் பச்சைக் காயைத் திருடி, ஒற்றையடிப் பாதை வழியாக மூட்டை மூட்டையாக இறக்குகிறார்கள் என்று தோட்டக்காரர்கள் புலம்பியதில், மதுரையிலிருந்து இரண்டு குதிரைகளை ரோந்துக்கு அனுப்பினார்கள். ஒன்றுக்கு மலைக் குளிர் ஒத்துக்கொள்ளாமல் வந்த வழியே திரும்பிவிட்டது. தங்கியது துரை. செவலைக் குதிரை, நெற்றியில் வெள்ளைப் பொட்டு. அது நடுரோட்டில் நடந்து வந்தால் எதிரே வருகிற லாரிக்காரன் தானாக ஓரங்கட்டுவான். நானும்தான்.

“குதிரைப் படையில தொரை எனக்கு மூணு வருசம் சீனியர்ப்பா” என்பார் ஏட்டு.

“சீனியர் மேல ஏறி உக்கார்றீங்களே ஏட்டையா, அது மட்டும் மரியாதையா?”

“உத்தரவு வாங்கிட்டுத்தானே ஏறுறேன்?”

பொய்யில்லை. சல்யூட் அடித்துவிட்டு விறைப்பாக நிற்பார். துரை காதை ஆட்டினால்தான் ஏறுவார். ஒருநாள் துரை காதை ஆட்டவில்லை. ஏட்டு கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு போடிமெட்டு வரைக்கும் நடந்தே வந்தார். கேட்டதற்கு, “தொரைக்கு இன்னைக்கு மனசு சரியில்ல” என்றார்.

துரையின் மூக்கு தப்பு செய்யாது என்பது அவருக்கு வேதம். ஒருமுறை போடி பஸ் ஸ்டாண்டில், சிலமலைக் கிராமத்துச் சம்சாரி ஒருவரின் மடியை முகர்ந்துகொண்டே துரை பின்னால் போனது. ஏட்டு பாய்ந்து பிடித்துவிட்டார்.

“மடியில என்னப்பு? ஏலக்காயா?”

பாவம், மனுசன் பதறிப்போய் அவிழ்த்துக் காட்டினார். கருப்பட்டி. பஸ் ஸ்டாண்டே சிரித்தது. ஏட்டு அசரவில்லை.

“கருப்பட்டிதான். ஆனா யாரு வீட்டுக் கருப்பட்டி?”

“எம் மாமியா வீட்டுது ஏட்டையா.”

“எடுத்தது மாமியாளுக்குத் தெரியுமா?”

சம்சாரி அவசரமாக மடியைக் கட்டப் பார்த்தார். பாதிக் கருப்பட்டி துரையின் வாய்க்குள் போன பிறகுதான் அவரை விட்டார்கள்.

எங்கள் ஜீப்புகளுக்கு இவர்கள் இரண்டு பேரும் எமன். எட்டுப் பேர் உட்கார வேண்டிய வண்டியில் அதற்கு இரண்டு மடங்கு ஏற்றுவோம். மலைப்பாதையில் தண்ணித்தொட்டி வளைவு என்று ஒன்று. ஏட்டும் துரையும் காலையில் அங்கே வந்து நின்றுவிடுவார்கள். அங்கே எல்லோரும் இறங்க வேண்டும், நடந்து வளைவைத் தாண்ட வேண்டும், அந்தப் பக்கம் போய் மறுபடி ஏறிக்கொள்ள வேண்டும். “எனக்கு இந்த வளைவுதான் டூட்டி. அடுத்ததை மலை பாத்துக்கிடும்” என்பார் ஏட்டு. நாளாவட்டத்தில் அவர் கையைக்கூடக் காட்ட வேண்டியதில்லை. ஜீப் சத்தம் கேட்டாலே துரை ரோட்டுக்குக் குறுக்கே வந்து நிற்கும். தூரத்தில் அதன் வால் தெரிந்ததுமே, தோட்ட வேலைக்குப் போகிற பேச்சியம்மா குரல் கொடுப்பாள்: “தொரை நிக்கிறாருடி, வெரசா எறங்குங்கடி!”

அந்தச் சமயத்தில் புதிதாக இளவயது அதிகாரி ஒருவர் வந்தார். மலைக்கு ஜீப் போதும், குதிரை எதற்கு, மதுரைக்கு அனுப்பி ஏலத்தில் விட்டுவிடலாம் என்று பேச்செடுத்தார். ஏட்டு ரெண்டு நாள் சோறு தின்னவில்லை. ஸ்டாண்டுக்கு வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதே விட்டார்.

“எடுக்கிறவன் குதிரவண்டியில பூட்டிருவான்ப்பா. சல்யூட் வாங்குன ஒடம்புப்பா அது! நாளைக்கு ஐயா மலைக்கு வந்து தொரையப் பாத்துட்டு முடிவு சொல்றாராம்.”

அதிகாரி வந்தது என் ஜீப்பில். ஸ்டேஷன் வண்டி ரிப்பேர். பின்னால் வழக்கம்போலப் பேச்சியம்மா கூட்டம் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. விடிந்ததிலிருந்து தூறல், மலை முழுக்க மூடுபனி. தண்ணித்தொட்டி வளைவில் துரை குறுக்கே நின்றது. முன்சீட்டில் இருப்பது யார் என்று பார்த்த ஏட்டுக்கு முகம் வெளுத்துவிட்டது. கடிவாளத்தை இழுத்தார், விலாவில் தட்டினார், கடைசியில் காதருகே குனிந்து கெஞ்சினார்.

“தொரை, இன்னைக்கு ஒருநாள் வழி விடுங்க. ஒங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

துரை அசையவில்லை.

“யோவ் ஏட்டு! ஒரு குதிரையை நகத்த முடியல, இத வச்சுத்தான் திருடனப் பிடிக்கிறீரா?” என்று கத்தினார் அதிகாரி.

ஏட்டு கீழே இறங்கினார். முதல் சல்யூட்டைத் துரைக்கு அடித்தார். இரண்டாவதை அதிகாரிக்கு அடித்தார்.

“மன்னிக்கணும்யா. சீனியர் சொல்லிட்டாரு. வண்டியில லோடு சாஸ்தி. நீங்களும் எறங்கணும்.”

முடிந்தது சோலி என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் பழக்கதோஷத்தில் பெண்கள் ஏற்கனவே இறங்கி வளைவைத் தாண்டி நடந்துகொண்டிருந்தார்கள். பனிக்குள்ளிருந்து பேச்சியம்மா அலறினாள்.

“அய்யோ ஆத்தா! ரோட்டைக் காணோம்!”

ஓடிப்போய்ப் பார்த்தோம். வளைவுக்கு அந்தப் பக்கம் பாதி ரோடு மண்ணோடு மண்ணாகப் பள்ளத்தில் கிடந்தது. நான் அதே வேகத்தில் திருப்பியிருந்தால் அத்தனை பேரும் அங்கேதான் கிடந்திருப்போம். நான் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். மண் சரிந்தது தெரிந்து துரை நின்றதா, தினமும் நிற்கிற பழக்கத்தில் நின்றதா? எத்தனையோ பேரிடம் கேட்டுவிட்டேன், யாருக்கும் தெரியவில்லை. அந்த நிமிடத்தில் அதைப் பார்க்க எனக்குச் சாமியைப் பார்ப்பதுபோல இருந்தது, அவ்வளவுதான்.

அதிகாரி திரும்பி வந்து துரைக்கு எதிரே நின்றார். பிறகு தணிந்த குரலில் கேட்டார்.

“ஏட்டு, இது எனக்குமா சீனியர்?”

“ஐயா எந்த வருசம் டிப்பார்ட்மெண்டுல சேந்தீங்க?”

சொன்னார். ஏட்டு விரல் விட்டு எண்ணினார்.

“அப்ப ஒரு வருசம் சீனியருங்கய்யா.”

அதிகாரியின் கை மெதுவாக நெற்றிக்குப் போனது. மதுரைக்கு அனுப்புகிற பேச்சு அதோடு நின்றது. துரை தன் காலம் முழுக்கப் போடியிலேயே இருந்து, போடியிலேயே கண்ணை மூடியது. அதற்குப் பிறகு ஏட்டு வேறு எந்தக் குதிரையிலும் ஏறவில்லை. சில வருடங்களில் அவரும் போய்ச் சேர்ந்தார்.

ரோடு இப்போது அகலமாகிவிட்டது. தண்ணித்தொட்டி வளைவில் யாரும் யாரையும் மறிப்பதில்லை. ஆனாலும் காலி வண்டியாக இருந்தாலும் நான் அங்கே நிறுத்தி, கீழே இறங்கி ஒரு நிமிடம் நிற்பேன். உத்தரவு வாங்கிக்கொண்டுதான் மறுபடி ஏறுவேன்.