மேட்டு லயத்துக்கு ரோடு வந்த வரலாறு

விண்வெளி ஆராய்ச்சிக்குத் தோட்டத்து ஆபீஸ்கள் ஆற்றிவரும் தொண்டை உலகம் இன்னும் சரியாக உணரவில்லை. ஆபீஸ் எழுத்தரான குணாளன் கிராணி உணர்ந்திருந்தார்.

ரிங்லெட்டுக்கு மேலே, அவர் வேலை பார்த்த தேயிலைத் தோட்டத்தில், ஒரு நாள் ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டு நேரத்தில் வானத்திலிருந்து ஒரு தொலைநோக்கி இறங்கியது. வெளிநாட்டு விஞ்ஞானிகள் ராட்சத பலூனில் கட்டி அனுப்பியது. கருந்துளைப் பக்கமிருந்து வரும் எக்ஸ்ரே கதிர் நெடுக்காகத் துடிக்கிறதா, குறுக்காகத் துடிக்கிறதா என்று அளக்குமாம். காற்று அந்தக் கதிரை விழுங்கிவிடும் என்பதால்தான் அத்தனை உயரம். பலூன் வழிதவறி, தொழிலாளர் வீட்டு வரிசையான மேட்டு லயத்துக்குப் பக்கத்தில் விழுந்துவிட்டது.

மேட்டு லயத்துக்கு ரோடு கிடையாது. மூன்று வருஷத்துக்கு முன் மண்சரிவில் போனது. டயாலிசிஸ் செய்துகொள்ளும் தங்கையாவை வாரம் மூன்று தடவை நாற்காலியில் உட்காரவைத்து, மூங்கில் கட்டி, லயத்துக் காளிமுத்துவும் வேறு மூன்று பேரும் தோளில் சுமந்து இறக்குவார்கள். கீழே வேன் நிற்கும். ரோடு கேட்டுத் தங்கையாவின் மனைவி அம்மாக்கண்ணு கொடுத்த ஒன்பது மனுக்களுக்கும் "பரிசீலனையில் உள்ளது" என்று குணாளன் அழகான கையெழுத்தில் பதில் எழுதியிருந்தார்.

தொலைநோக்கிக்காக ஆபீசில் அவசரக் கூட்டம் கூடியது.

"அதையும் மூங்கில் கட்டி எறக்கிறலாம்லா, தொர," என்றான் காளிமுத்து. "எங்களுக்குப் பழக்கந்தான்."

மேனேஜர் பதறிப்போனார். "ரொம்ப நுட்பமான பொருள்யா அது. ஆட்டம் தாங்காது."

"ஆட்டம் தாங்காது" என்பதைக் குணாளன் தீர்மானமாகவே எழுதிக்கொண்டார். மறுநாள் புல்டோசர் வந்தது. ஐந்தாம் நாள் லோரி ஏறியது. தொலைநோக்கி மெத்தையில் படுத்தபடி, நடக்கிற வேகத்தில் டவுனுக்கு இறங்கியது. குணாளனுக்குப் பெருமையில் கண் கலங்கிவிட்டது.

அன்று சாயந்தரமே புது ரோட்டுக்குச் சங்கிலி போட்டுப் பூட்ட அவர் ஏறிப் போனார். அம்மாக்கண்ணு அங்கே நின்றிருந்தாள்.

"நாளைக்கு இவருக்கு ஆஸ்பத்திரி, கிராணியய்யா. வேன மேலயே வரச் சொல்லிட்டேன்."

"இந்த ரோடு 'ஆய்வுக் கருவி'க்கு மட்டும்னு போட்டதும்மா. ஆளுங்களுக்குத் தனியா மனு குடுக்கணும்."

அம்மாக்கண்ணு சரிவைப் பார்த்தாள். செடிகளின் மேல் பலூன் துணி இன்னும் கிடந்தது.

"அந்தத் துணிய மட்டும் எடுத்துட்டுப் போயிறாதீங்க."

"எதுக்கு?"

"இனிமே இவர மூங்கில்ல கட்டல. அதுல கட்டி மேல விட்டுர்றேன். எங்க வந்து விழுறாரோ, அங்க நீங்களே ரோடு போட்டு, மெத்த விரிச்சு, தூக்கிட்டுப் போயிருவீங்கல்ல."