மௌன விரதக்காரரிடம் ஜப்பானிய எழுத்து

திருவண்ணாமலை,
12.10.1984

அன்புத் தம்பி வேணுவுக்கு, அண்ணாமலையார் அருளால் இங்கே உயிரோடு இருக்கிறோம். அதற்கு மேல் நலம் என்று எழுதக் கை வரவில்லை. வேலூரில் அனைவரும் சுகமா?

ஜப்பான்காரரைக் கட்டிக்கொண்டு ஒசாகா போன நம் சந்திரகலா, ஐந்து வயது மகள் ஹனாவோடு தீபத்துக்கு வருவதாக எழுதியது உனக்குத் தெரியும். பேத்திக்குத் தமிழ் வராது, நாமாவது அவள் பாஷையில் நாலு வார்த்தை பேசலாமே என்று ஆசைப்பட்டேன், அங்கேதான் சனி பிடித்தது. ரமணாசிரமம் பக்கம் வாடகை அறையில் இருக்கும் ஒரு ஜப்பானியரிடம் போய்க் கேட்டேன், தலையாட்டினார், ஆனால் மனுஷர் மூன்று மாத மௌன விரதம். ஹிரகானா என்கிற நாற்பத்தாறு எழுத்தையும் சிலேட்டில் எழுதிக் காட்டுவார், உச்சரிப்புக்கு வாயை மட்டும் சத்தமில்லாமல் திறந்து மூடுவார். நானும் கண்ணாடி முன்னால் அப்படியே செய்து பார்க்க, உன் அண்ணி சரோஜா பல்வலி என்று நினைத்துக் கிராம்பு கொண்டுவந்தாள்.

எழுதவாவது வந்ததே என்று, அவர் சிலேட்டில் போட்டுக்கொடுத்த நாலு வார்த்தையைப் பார்த்து ஹனாவுக்குக் கடிதம் எழுத அவர் எதிரிலேயே உட்கார்ந்தேன். பிள்ளையார் சுழி போட்டு, மங்களகரமாக இருக்கட்டும் என்று குழந்தை பெயரைச் சிவப்பு மையில் எழுதினேன். உடனே அவர் இரண்டு கையையும் மார்புக்கு முன்னால் குறுக்கே வைத்துக் காட்டினார். பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போடச் சொல்கிறார் என்று நினைத்து, மூட்டுவலியோடு மூன்று போட்டேன். மறுபடி குறுக்கே காட்டினார், மறுபடி போட்டேன். கடைசியில் சோர்ந்துபோய்க் கண்ணை மூடிக்கொண்டார். அதையே ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டு தபாலில் சேர்த்துவிட்டேன்.

நேற்று சந்திரகலா கடிதம். அவர்கள் ஊரில் பெயரைச் சிவப்பில் எழுதுவது சாவுக்கு அறிகுறியாம், மாமியார் இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். அந்த மனுஷர் கையைக் குறுக்கே வைத்தது 'கூடாது' என்று சொல்லத்தான் என்று இப்போதுதான் புரிகிறது. "அத்தை மனசு ஆறட்டும்பா, இந்த வருஷம் வரல" என்று எழுதியிருக்கிறாள். கல்யாணத்துக்குப் போகாமல் முறைத்துக்கொண்டு ஆறு வருஷத்தைத் தொலைத்தேன். பேத்தி முகம் பார்க்க இருந்ததையும் என் கையாலேயே கெடுத்துக்கொண்டேன். இனி இந்த வயதில் எந்த எழுத்தும் வேண்டாம். நீயும் தீபத்துக்கு வராதே, வீடு வீடாக இல்லை.

உன் பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன் கோதண்டராமன்

பி.கு.: உறை ஒட்டும் நேரத்தில், டிரங்க் கால் வந்திருக்கிறது என்று, தெருமுனையில் போன் வைத்திருக்கும் ஜியாவுல்லா பாய் கடையிலிருந்து ஆள் வந்தது. ஓடினேன். ஹனாதான். என் கடிதத்தை ஒவ்வொரு எழுத்தாக உரக்கப் படித்தாள். நான் எழுதிய எழுத்துக்குச் சத்தம் இது என்று இன்றுதான் காதால் கேட்டேன். கூடவே நானும் சொன்னேன், தப்பினால் சிரித்துவிட்டு மறுபடி சொல்லிக்கொடுத்தாள். கடைக்கு வந்தவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு சந்திரகலா, "அடுத்த லெட்டர் எப்பன்னு கேக்குறாப்பா" என்றாள். தீபத்துக்கு வரமாட்டார்கள்தான். நீ அவசியம் வா. இத்தோடு நிறுத்துகிறேன், அவளுக்கு எழுத உட்கார வேண்டும்.