ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்புக்காக வர வேண்டாம்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. உங்கள் வீட்டில் எல்லோரும் சுகமாக இருப்பதாக நானாகவே வைத்துக்கொள்கிறேன். உங்கள் அக்கா போய்ப் பத்து மாதமாகியும் நீங்கள் என்னை ஒரு வார்த்தை விசாரிக்காததால், என் சுகத்தையும் நீங்களாகவே வைத்துக்கொள்ளலாம். உங்கள் கடிதம் கிடைத்தது. கடிதம் என்றா சொன்னேன்? போனில் வந்த மூன்று வரி. "ஞாயித்துக்கிழமை வர்றேன். அக்காவோட லேப்டாப்பை எடுத்து வைங்க. குட்டிக்கு மிச்சத் தையல் பாடம் வேணுமாம்." நலமா என்று கேட்க நான்காவது வரி தேவைப்பட்டிருக்கும், விட்டுவிட்டீர்கள். நான் முப்பத்துமூன்று வருடம் தபால் பிரித்தவன். எனக்குப் போனில் பதில் தட்டிப் பழக்கமில்லை, முறையாக உறையில் போட்டே அனுப்புகிறேன். விஷயம் இதுதான்: வர வேண்டாம். லேப்டாப் செத்துவிட்டது. உங்கள் அக்கா படம்பிடித்து வைத்த பாடங்களும் அதோடு போய்விட்டன.

எப்படிச் செத்தது என்று கேட்பீர்கள். கேட்காவிட்டாலும் சொல்வேன். முதலில் போனது கீல். மூடியையும் உடம்பையும் சேர்த்துப் பிடிக்கிற இரண்டு இரும்புத் துண்டுகள். அந்தக் கம்பெனிக்காரன் இரும்பைக் கொண்டுபோய்ப் பிளாஸ்டிக்கில் திருகி வைத்திருக்கிறான். பிளாஸ்டிக் எத்தனை நாள் தாங்கும்? ஒரு நாள் தானாகவே பிய்த்துக்கொண்டது, பிய்த்துக்கொண்ட வேகத்தில் டிஸ்பிளேயும் விரிசல் விட்டது. நல்ல மனிதனாக நான் அதைக் கடைக்குத்தான் எடுத்துப் போனேன். மெக்கானிக் கண்ணில் ஒரு பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தான், பார்த்துவிட்டு என்னையும் அதே கண்ணாடி வழியாகப் பார்த்தான்.

"சார், இது தானா உடையல. யாரோ ஓங்கி அடிச்சுச் சாத்தியிருக்காங்க."

"யாரும் சாத்தல. பழசாயிடுச்சு."

"பழசானா ஒரு பக்கம்தான் முதல்ல போகும் சார். இது ரெண்டு பக்கமும் ஒரே அடியில பிச்சுக்கிட்டு வந்திருக்கு. குடுத்துட்டுப் போங்க, உள்ள என்னென்ன மிஞ்சியிருக்குன்னு பாத்துச் சொல்றேன்."

இவன் யார் என் வீட்டு விஷயத்தை உள்ளே போய்ப் பார்க்க? வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நானே சரிசெய்வது என்று முடிவு கட்டினேன். போனில் ஒருவன் செய்து காட்டுகிறான். அவன் முகத்தைக் காட்டுவதில்லை, பேசுவதுமில்லை, இரண்டு கைகள் மட்டும் வருகின்றன. அந்தக் கைகள் பதினொரு நிமிடத்தில் மூடியைக் கழற்றி, டிஸ்பிளேயை மாற்றி, கீலை ஒட்டி, தூசியும் துடைத்துவிடுகின்றன. எனக்குப் பதினொரு நாள் ஆனது. தூசி இன்னும் துடைக்கவில்லை.

உங்கள் அக்காவின் தையல் மேசையிலேயே உட்கார்ந்தேன். கோடு போடுகிற அவளுடைய பிளாஸ்டிக் ஸ்கேலால் டிஸ்பிளேயைச் சுற்றியிருக்கும் சட்டத்தை நெம்பினேன். சட்டம் வரவில்லை, ஸ்கேல் உடைந்தது. தையல் பிரிக்கிற முள்ளால் நெம்பினேன். சட்டம் வந்தது, கூடவே என் கட்டைவிரல் தோலும் வந்தது. அடிப்பக்கத்து ரப்பர் குமிழ்களை உரித்தால் அதற்கடியில் ஸ்க்ரூ, ஸ்டிக்கரை உரித்தால் அதற்கடியிலும் ஒன்று. களவாணிகள் கூட இப்படி ஒளித்து வைக்க மாட்டார்கள். ஸ்க்ரூவைப் போட்டு வைக்க டப்பா தேடினேன். கையில் கிடைத்தது அவளுடைய மாத்திரை டப்பா. திங்கள் முதல் ஞாயிறு வரை, காலை மதியம் இரவு என்று இருபத்தொரு அறை. பத்து மாதமாக நான் அதைத் திறக்கவில்லை. பதிமூன்று அறை காலி. வெள்ளி மதியத்திலிருந்து ஞாயிறு இரவு வரைக்கும் மாத்திரை அப்படியே இருக்கிறது. வெள்ளி காலை வரை ஒரு வேளைகூடத் தவறவில்லை உங்கள் அக்கா, அதற்காகவாவது அந்த மாத்திரைகளுக்குக் கொஞ்சம் வெட்கம் இருந்திருக்க வேண்டும். மிச்சத்தைத் தூக்கிப் போட எனக்குக் கை வரவில்லை. காலி அறைகளில் மட்டும் ஸ்க்ரூவைப் போட்டேன்.

இங்கேதான் முப்பத்துமூன்று வருட அனுபவம் என் காலை வாரிவிட்டது. தபால் பிரிக்கிறவன் ஒரு கடிதம் எங்கிருந்து வந்தது என்று பார்க்கவே மாட்டான், எங்கே போக வேண்டும் என்றுதான் பார்ப்பான். ஒரே மாதிரி போகிறவற்றை ஒரே அறையில் போடுவான். கை தன்பாட்டுக்கு அதையே செய்துவிட்டது. நீளமானவை எல்லாம் திங்கள், நடுத்தரம் செவ்வாய், பொடிசுகள் புதன் என்று அழகாகப் பிரித்து, மூடியைச் சாத்தி, ஒரு நிமிடம் பெருமையாகக்கூட உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் உறைத்தது. ஸ்க்ரூவுக்குப் போகிற இடம் முக்கியமில்லை, வந்த இடம்தான் முக்கியம். எது எந்த ஓட்டையிலிருந்து வந்தது என்று ஒன்றும் நினைவில்லை. குத்துமதிப்பாகத் திருகினேன். திங்கட்கிழமைக்காரன் ஒருவன் புதன்கிழமை ஓட்டையில் நுழைந்து, அவள் மணிக்கட்டு வைக்கிற இடத்தில் மேல்பக்கமாக மூக்கை நீட்டிக்கொண்டு வந்துவிட்டான். அந்த இடத்தில் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறேன். என் கட்டைவிரலுக்கும் அதற்கும் ஒரே பிளாஸ்திரி.

அடுத்தது பசை. இரண்டு குழாயைப் பிதுக்கிக் கலந்து, உடைந்த பிளாஸ்டிக்கில் கடுகளவு வைக்க வேண்டும் என்று அந்தக் கைகள் காட்டின. கடுகளவு வைத்து நிற்காமல் போனால் என்ன செய்வது? நெல்லிக்காய் அளவு வைத்தேன். பசை என்ன செய்தது தெரியுமா, பிளாஸ்டிக்கில் நிற்காமல் வழிந்து கீலுக்குள்ளேயே இறங்கிவிட்டது. காய்கிற வரைக்கும் மூடியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தேன், கை மரத்துப்போனது. காய்ந்த பிறகு கீல் பாறையாகிவிட்டது. லேப்டாப் வாயைப் பிளந்தபடி மேசையில் நிற்கிறது, முன்னாலும் வராது, பின்னாலும் போகாது. மேலே ஒரு துண்டைப் போட்டு வைத்திருக்கிறேன். விஷயம் தெரியாதவர்கள் வந்தால் உள்ளே யாரோ உட்கார்ந்திருப்பதாக நினைப்பார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு, தபாலில் வரவழைத்த புது டிஸ்பிளேயைப் பொருத்தினேன். கேபிளைச் சரியாகவே செருகினேன். பட்டனை அழுத்தினால் விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பு. உள்ளே எல்லாம் அழிந்துவிட்டது என்பது என் முடிவு. அக்கா போன அன்று வாசலில் நின்று என்னைக் கேட்டீர்களே, "புதன்கிழமை காலர் பாடம் அனுப்புறேன்னு குட்டிகிட்ட சொன்னாளே அத்தான், ஏன் அனுப்பல?" என்று, அன்று சொன்ன பதிலைத்தான் இன்றும் சொல்கிறேன்: அவளுக்கு அன்று உடம்புக்கு முடியவில்லை, பாடம் எடுக்கவில்லை. இல்லாத பாடத்துக்காக ஞாயிற்றுக்கிழமையைக் கெடுத்துக்கொண்டு இவ்வளவு தூரம் வர வேண்டாம்.

மருமகள் குட்டிக்கு என் ஆசிகள். ஊசியில் நூல் கோக்கும்போது வெளிச்சத்தில் உட்காரச் சொல்லுங்கள். உங்கள் மனைவியை விசாரித்ததாகச் சொல்லவும். எல்லோரும் நீண்ட நாள் நோய் நொடியின்றி இருக்க வேண்டும் என்று மனதார வாழ்த்தி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். எங்கள் வேலையில் இது பெரிய குற்றம், என் சர்வீஸில் ஒருமுறைகூடச் செய்ததில்லை. கேபிளை நான் சரியாகச் செருகவில்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் மறுபடி கழற்றி அழுத்தினேன், 'டக்' என்று உட்கார்ந்தது. திரை வந்துவிட்டது. மூன்று நாளாக நன்றாக எரிகிறது. எதுவும் அழியவில்லை. நாற்பத்திரண்டு பாடமும் இருக்கிறது.

எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். பொத்தான் துளை, பாக்கெட், கைமடிப்பு எல்லாம் எனக்கு அத்துப்படி. முப்பத்தொன்பது பாடத்தில் என் குரலும் வருகிறது. அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து அறையிலிருந்து, "என் கண்ணாடி எங்க?" "யாரு வாசல்ல?" "இந்த மின்விசிறியை யாரு போட்டது?" ஒவ்வொரு தடவையும் அவள் குட்டியிடம், "ஒரு நிமிஷம்டா, இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறாள். காலி நாற்காலி தெரிகிறது. கூப்பிட்டால் அவள் சாவகாசமாகத்தான் வருவாள் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேனே, உங்களிடமும் சொல்லியிருக்கிறேன். நான் கூப்பிட்டு முடிப்பதற்குள் எழுந்துவிடுகிறாள், மைத்துனரே. எனக்கு அது தெரியாது.

நாற்பத்திரண்டாவதுதான் காலர் பாடம். அன்று அவளுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நான் கூப்பிட்டேன், அவள் அன்றைக்கு மட்டும், "கொஞ்சம் பொறுங்க, இந்த முனையை மட்டும் காட்டிட்டு வந்துடறேன்" என்றாள். நான் பொறுக்கவில்லை. போய் ஓங்கிச் சாத்தினேன். மெக்கானிக் சொன்னதுதான் உண்மை. பாடத்தில் அது பதிவாகியிருக்கிறது. "இப்ப காலரைத் திருப்பும்போது முனை கூர்மையா வரணும்னா..." என்கிறாள், என் கை வருகிறது. முகம்கூட இல்லை, கை மட்டும். அதோடு முடிந்துவிடுகிறது. மறுநாள் வியாழக்கிழமை முழுக்க அவள் என்னிடம் பேசவில்லை. நானும் பேசவில்லை. வேளாவேளைக்கு மாத்திரை டப்பாவை அவள் பக்கம் தள்ளினேன், அவளும் எடுத்துப் போட்டுக்கொண்டாள். சனிக்கிழமை சமாதானமாகிவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

இதை நீங்கள் பார்த்துவிடக் கூடாது என்றுதான் மேலே அத்தனை பொய். அதோடு, நீங்கள் எடுத்துப் போய்விட்டால் அந்தக் குரல் இந்த வீட்டில் இருக்காது, அதுவும்தான். ஆனால் பாடங்களை அவள் லேப்டாப்புக்குள்ளேயே தனியாக ஒரு பெட்டியில் போட்டு, அதன் மேல் "குட்டிக்கு" என்று எழுதி வைத்திருக்கிறாள். பேர் எழுதிய பொருளை எடுத்து வைத்துக்கொள்ள எனக்கு உரிமை கிடையாது. முனை கூர்மையாக வர என்ன செய்ய வேண்டும் என்று வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள் குட்டியை. எனக்குத் தெரியாது, கேட்க விடவில்லை நான்.

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். பை கொண்டுவர வேண்டாம், பையில் நுழையாது. உயரமான அட்டைப்பெட்டியாகப் பார்த்துக் கொண்டு வாருங்கள். திறந்தபடியேதான் எடுத்துப் போக வேண்டும். இனி அதை யாராலும் மூட முடியாது.