யாருக்கும் தெரியாத தூத்துக்குடி

"மாதா கோயில் வேணாம்பா. முத்துநகர் பீச் வேணாம். முயல்தீவும் வேணாம். அதெல்லாம் நம்ம ஆபீஸ்ல பாதிப் பேரு பாத்துட்டானுங்க. யாருக்கும் தெரியாத இடமா ஒண்ணு சொல்லு."

போனில் பேசியவர் எச்.ஆர். மேனேஜர் நாராயணப்பன். மனைவி முனிலட்சுமிக்குக் கடல் காட்டுவதாகச் சொல்லி, மூன்று நாள் லீவு போட்டு, முந்தின நாள் ராத்திரியே தூத்துக்குடிக்குக் கிளம்பியிருந்தார். மறுமுனையில், ஓசூர் சிப்காட்டில் அசெம்பிளி லைனை விட்டுவிட்டு ஓடிவந்து, லாக்கர் அறையில் மூச்சு வாங்க நின்றான் முத்துக்குமார்.

"அஞ்சு நிமிசம் யோசிச்சுச் சொல்லுதேன் சார்."

"சொந்த ஊருக்கு எதுக்குப்பா யோசனை?"

நியாயமான கேள்விதான். ஆனால் முத்துக்குமாரின் சொந்த ஊர் தூத்துக்குடி இல்லை. கயத்தாறு பக்கம் ஒரு பருத்திக்காட்டுக் கிராமம். வேலையில் சேர்ந்த அன்று "எந்த ஊரு?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் கோவில்பட்டியிலிருந்து ஆரம்பித்து வழி சொல்லிப் பார்த்தான். யாருக்கும் புரியவில்லை. நாலாவது ஆளுக்குத் தொண்டை வற்றிப்போய், மாவட்டத்தின் பெயரான தூத்துக்குடியைச் சொல்லி முடித்துவிட்டான். அன்றிலிருந்து கேன்டீனில் மீன் குழம்பு வைத்தால், அது என்ன மீன் என்று தீர்ப்பு சொல்வது அவன் வேலையாகிவிட்டது. கடலை அவன் பார்த்ததே இரண்டு முறை. இரண்டும் திருச்செந்தூரில், மொட்டை போட்டுக்கொண்டு.

இதை இப்போது நாராயணப்பனிடம் சொல்ல முடியுமா? இரண்டு வருடமாக டிரெய்னி. இந்த மாதக் கடைசிக்குள் அவனைப் பெர்மனன்ட் ஆக்கும் லெட்டரில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான். போடாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

மொபைலில் தேடிப் பார்த்தான். மாதா கோயிலும் பீச்சும் முயல்தீவும் வந்தன. எரிச்சலோடு ஜன்னலைப் பார்த்தான். எதிரே கம்பெனியின் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி, சுற்றிச் சுற்றிப் போகும் படிக்கட்டோடு நின்றது.

"சார், பழைய உப்புக் குடோனுக்குப் பின்னால ஒரு பாழடைஞ்ச கலங்கரை விளக்கம் இருக்கு. உள்ளூர்க்காரங்களுக்கே தெரியாது. சுத்துப் படி. ஏறிக்கிடலாம்."

"ஹௌதா? நெஜமாவா? அப்படி சொல்லு!"

அவர் போய்த் தேடுவாரே என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது. இடிச்சிட்டாங்க போல என்று சொல்லிச் சமாளித்துவிடலாம் என்று தேற்றிக்கொண்டு லைனுக்குத் திரும்பினான்.

மதியம் மறுபடி அழைப்பு. லைன் சூப்பர்வைசர் மோகனப்ரியா முறைத்தாள்.

"என்னண்ணா, காலைலருந்து ரெண்டாவது வாட்டி ஓடறீங்க. வயிறு சரியில்லீங்களா?"

"ஆமாங்க மேடம்."

ஓடிப்போய், "இடிச்சிட்டாங்களா சார்?" என்றான் எடுத்த எடுப்பில்.

"எதுக்கு இடிக்கணும்? ஏறி இறங்கியாச்சு! அறுவத்திரண்டு படி, எண்ணினேன். மேல என்னா காத்துங்கற!"

முத்துக்குமார் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். கூடவே ஒரு போட்டோவும் வந்தது. கூலிங் கிளாஸ் போட்ட முனிலட்சுமி. அவருக்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய வரை தண்ணீர்.

"இதுல விளக்கத்தைக் காணோமே சார்?"

"விளக்கத்து மேல நின்னு எடுத்தா விளக்கம் எப்படிப்பா தெரியும்?"

அதுவும் சரிதான். தூத்துக்குடி பெரிய ஊர். எங்கோ ஒரு கலங்கரை விளக்கம் இருந்து தொலைத்திருக்கிறது. ஒரு நிமிடம் அவனுக்கே பெருமையாக இருந்தது.

"இதே மாதிரி இன்னும் ரெண்டு சொல்லு."

பெருமை போன இடம் தெரியவில்லை. கடலுக்குப் பத்தடி தள்ளி ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு என்றான். கவிழ்த்துப் போட்ட தோணிக்குள்ளே ஒருவர் கருப்பட்டிக் காபி போடுகிறார் என்றான். இதற்குமேல் யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்ற தைரியத்தில் சொன்னவை. மறுநாள் காலை நாராயணப்பன் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துவிட்டார். சாயங்காலம் தோணிக் காபியில் இனிப்பு கொஞ்சம் தூக்கல் என்று புகாரே சொன்னார்.

இதற்கிடையில் மோகனப்ரியா அவனை முதலுதவி அறைக்கு அனுப்பி, உப்புச் சர்க்கரைக் கரைசலை இரண்டு டம்ளர் குடிக்க வைத்தாள். கேன்டீனில் அவனுக்கு மட்டும் மூன்று நாளும் மோர் சாதம்.

திங்கட்கிழமை நாராயணப்பன் திரும்பி வந்தார். கேன்டீனில் அவரைச் சுற்றி ஒரே கூட்டம். கலங்கரை விளக்கத்துக்கு இப்போது எழுபது படி. தோணிக் காபிக்காரருக்கு வெள்ளை மீசை முளைத்திருந்தது. பிளான்ட் ஹெட் ராஜ்குமார் தட்டோடு நின்று கேட்டுவிட்டுச் சொன்னார்.

"இந்த வருஷ டூருக்கு மைசூர் வேணாம். ஆறு வருஷமா அதே ஜூ, அதே கொரங்கு. ரெண்டு பஸ் போட்டுத் தூத்துக்குடி போயிடலாம். முத்துக்குமார் கைடு."

முத்துக்குமார் தட்டைத் தள்ளி வைத்தான்.

"மைசூரே நல்லாத்தான் இருக்கும் சார்," என்றார் நாராயணப்பன். தெய்வம் மாதிரித் தெரிந்தார்.

"சும்மா இருங்க. தம்பியோட பெர்மனன்ட் லெட்டரையும் அந்தக் கிணத்தடியிலயே வெச்சுக் குடுத்துடுவோம். அதுவரைக்கும் உங்ககிட்ட இருக்கட்டும்."

சாயங்காலமே அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்கள்: 'யாரும் காணாத தூத்துக்குடி. வழிகாட்டி: திரு. முத்துக்குமார்.' கீழே நூற்றிரண்டு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள்.

வீட்டில் மனைவி காவியா தலையில் அடித்துக்கொண்டாள்.

"கயத்தாறுன்னு சொல்லியிருந்தா வாய் சுட்டிருக்குமா? போய் உண்மையச் சொல்லிருங்க. நூறு பேர் முன்னால அசிங்கப்படுறதுக்கு ஒருத்தர் முன்னால படுங்க."

மறுநாள் காலை நாராயணப்பனின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். வேலை போனாலும் போகட்டும் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டான்.

"சார், நான் தூத்துக்குடி இல்ல. கயத்தாறு. அந்தக் கலங்கரை விளக்கம், கிணறு, தோணி எல்லாமே நானாச் சொன்ன பொய். அப்படி ஒரு இடமே கிடையாது சார்."

நாராயணப்பன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து பாதியைக் குடித்தார்.

"என்னப்பா உளர்ற? நான் ஏறினேனே."

"ஏறியிருக்க முடியாது சார்."

"அறுவத்திரண்டு படி!"

"அது நம்ம தண்ணித் தொட்டி சார். ஜன்னல் வழியாப் பாத்துச் சொன்னேன்."

"அப்ப கிணத்துத் தண்ணிய எவன் குடிச்சான்? இனிப்பா இருந்துச்சுப்பா!"

"சார், சத்தியமா..."

"சத்தியம் பண்ணாத!" மேசையைத் தட்டினார். "என் கண்ணால பாத்தேன். வயிறு சரியில்லாம மூணு நாளா ஏதேதோ குடிச்சியாமே, அதான் இப்படிப் பேசற. இந்தக் கதைய வெளிய யார்கிட்டயும் சொல்லாத. போ, வேலையப் பாரு."

வெளியே வந்தவனுக்குத் தலை சுற்றியது. பொய் சொன்னவன் பொய் என்கிறான். நம்பியவர் மெய் என்று அடம் பிடிக்கிறார். உலகத்தில் எவனுக்காவது இப்படி ஒரு சோதனை வந்திருக்குமா? ஒப்புக்கொண்டும் விமோசனம் இல்லை. இன்னும் பன்னிரண்டு நாளில் நூற்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு, இல்லாத கிணற்றைத் தேடி அலைய வேண்டும். லெட்டர் அந்தக் கிணற்றுக்குள்ளேயே போய்விடும்.

கேட்டில் ஒரு வாடகைக் கார் நின்றிருந்தது. டிரைவர் மாதப்பன், நாராயணப்பன் வண்டியில் விட்டுப்போன குடையைக் கொடுக்க வந்திருந்தார். முத்துக்குமார் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, நீங்கதான சாரை டூருக்குக் கூட்டிட்டுப் போனது?"

"ஆமா தம்பி. மூணு நாளும் நாந்தான்."

"தூத்துக்குடில அந்தக் கலங்கரை விளக்கத்த நீங்க கண்ணால பாத்தீங்களா? நிசத்தச் சொல்லுங்க. எனக்குப் பைத்தியம் புடிச்சிரும் போல இருக்கு."

மாதப்பன் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"எந்தத் தூத்துக்குடி? கிருஷ்ணகிரி போறதுக்குள்ளயே அம்மாவுக்கு மூணு வாட்டி வாந்தி. டேம் பக்கத்துலயே ரூம் போட்டுப் படுத்துட்டு, யாருக்கும் தெரியாத இடமாக் கேட்டு வெச்சிக்கிட்டா ஆபீஸ்ல எவனும் குறுக்குக் கேள்வி கேக்க மாட்டான்னு சாரே சொன்னாரே தம்பி!"