சுங்க அலுவலகத்தில் ஒரு சவரம்

மதிப்பும் அன்பும் நிறைந்த மைத்துனர் அவர்களுக்கு,

அத்தான் எழுதுவது. இங்கே எங்கள் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே நீங்களும் தங்கையும் பிள்ளைகளும் குளிருக்குத் தக்கபடி போர்த்திக்கொண்டு சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சென்ற முறை போனில், "ஒரு பிளேடுக்கா அத்தான் இவ்வளவு கூத்து? ஒரு கரண்ட் மெஷினை வாங்கி சர்ருன்னு விட்டுட்டுப் போக வேண்டியதுதானே?" என்று சிரித்தீர்கள். நானும் சிரித்துவிட்டு போனை உங்கள் அக்காவிடம் கொடுத்துவிட்டேன். போனில் சண்டை போட்டால் பாதியில் லைன் கட்டாகிவிடும். கடிதத்தில் அந்த ஆபத்து இல்லை. ஆகவே நிதானமாக உட்கார்ந்து படியுங்கள். இது ஒரு வெற்றிச் செய்தி.

நான் வேலை பார்க்கும் ஹோட்டலில் உள்ளே நுழைகிறவர்கள் முதலில் பார்ப்பது சரவிளக்கை அல்ல, என் முகத்தை. ரிசப்ஷன் மேனேஜர் என்றால் சாவி கொடுக்கிற ஆள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். சாவியை யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம், முகத்தை எல்லோராலும் கொடுக்க முடியாது. என் தாடையோ ஒரு மாதிரி. முடி முரடு, தோல் சாது. இரண்டுக்கும் ஒத்துப்போகிற பிளேடு உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். மெழுகுத்தாளில் சுற்றிய, இரண்டு பக்கமும் கூரான அந்த மெல்லிய தகட்டை என் சேஃப்டி ரேஸரில் மாட்டித் திருகி, நுரை மேல் வைத்தால் போதும், கை தானாக இறங்கும். அது மழிக்கிறதா முகத்தைத் தடவிக்கொடுக்கிறதா என்றே தெரியாது. அந்த பிளேடுக்குத்தான் ஆபத்து வந்தது. தெருமுனைக் கடைக்காரர் ஒரு நாள், "சார், அந்தக் கம்பெனிக்காரன் இந்தப் பக்கம் அனுப்புறதையே நிறுத்திட்டான். இதைக் கொண்டுபோங்க, எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்க" என்று வேறு ஒன்றைக் கையில் திணித்தார். மறுநாள் காலை என் கழுத்து தக்காளி மாதிரி சிவந்துவிட்டது. காலர் உரச உரச, வந்த விருந்தினர்களிடம் தலையைத் திருப்பாமல் உடம்போடு திரும்பிப் பேசினேன். ஒரு பெரியவர், "ஏதாவது ஆபரேஷனா தம்பி?" என்று அக்கறையாக விசாரித்தார்.

சரி, வெளிநாட்டுக் கடையிலிருந்தே வரவழைத்துவிடுவோம் என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். (உங்களிடம் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நீங்கள் மெஷினை அனுப்பியிருப்பீர்கள்.) முதல் கடையின் பாஷை எனக்குப் புரியவில்லை. ஆனால் படம் புரிந்தது, பிளேடு மாதிரிதான் இருந்தது, பெரிய பெட்டியாகவும் இருந்தது. தைரியமாக அமுக்கிவிட்டேன். பார்சல் வந்தது, பிரித்தேன், உள்ளே கண்ணாடியில் ஒட்டிய பெயிண்டைச் சுரண்டுகிற பிளேடு. ஒவ்வொன்றும் என் கட்டைவிரல் தடிமன் என்றே சொல்வேன். ஹவுஸ்கீப்பிங் அம்மாவுக்குத்தான் கொண்டாட்டம். "சார், கடவுள் மாதிரி வந்தீங்க!" என்று பெட்டியோடு தூக்கிக்கொண்டு போய், கட்டடம் கட்டிய நாளிலிருந்து ஜன்னல்களில் இருந்த பெயிண்ட் பொட்டுகளையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டார். எங்கள் ஹோட்டல் ஜன்னல்கள் பளபளவென்று ஆகிவிட்டன. என் தாடையில் மட்டும் புல் முளைத்துக்கொண்டிருந்தது.

ஆம், தாடி. கழுத்து ஆறுகிறவரை எந்தப் பிளேடும் வேண்டாம் என்று விட்டது, பிறகு அந்தப் பிளேடைத் தவிர எந்தப் பிளேடும் வேண்டாம் என்று வைராக்கியமாகிவிட்டது. இதில் சங்கடம் என்னவென்றால், ஊழியர்கள் அறையில் "முகம் மழிக்காமல் பணிக்கு வரக்கூடாது" என்று போர்டு எழுதி மாட்டியவனே நான்தான். வாசல் காவலர் தினமும் எனக்கு சல்யூட் வைக்கும்போது என் கண்ணைப் பார்க்காமல் தாடையைப் பார்த்தே வைத்தார். ஒரு நாள் அவருக்கும் லேசாக முளைத்திருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள், "நானும் வெளிநாட்டுல ஆர்டர் போட்டிருக்கேன் சார்" என்றார்.

இதற்குள் இரண்டாவது கடையைக் கண்டுபிடித்துவிட்டேன். அது வேறொரு தேசத்தில், புருஷனும் பெண்டாட்டியுமாக நடத்தி வந்த சின்னக் கடை. இந்த முறை படத்தை நம்பாமல், என் முடி இப்படி, தோல் இப்படி, சுரண்டும் பிளேடு மட்டும் வேண்டாம் என்று விளக்கமாக எழுதிக் கேட்டேன். அந்த அம்மாள் பதில் போட்டிருந்தார்: "என் கணவரும் இதைத் தவிர வேறு எதையும் தொடமாட்டார். அவர் காலமான பிறகு இதை விரும்பிக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான். அலமாரியில் மிச்சமிருப்பதையெல்லாம் உங்களுக்கே அனுப்புகிறேன்." முகம் தெரியாத ஒரு மனிதரும் நானும் இத்தனை காலமும் ஒரே பிளேடால் மழித்திருக்கிறோம். சொந்தக்காரன் ஒருவனைத் தாமதமாகத் தெரிந்துகொண்டது போல இருந்தது.

அந்த அம்மாள் சொன்னபடியே அனுப்பினார். ஆனால் பார்சல் சுங்க அலுவலகத்தில் மாட்டிக்கொண்டது. அதே சமயம் ஹோட்டல்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும் குழு எங்கள் ஹோட்டலுக்கு வருவதாகத் தகவல் வந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டு, "நீங்க பெரியவர், நான் சொல்லக் கூடாது. ஆனா அவங்க வர்ற அன்னைக்கும் இப்படியே இருந்தீங்கன்னா உள்ளே ஸ்டோர் ரூம் கணக்கைப் பார்த்துக்குங்க, முன்னாடி வேற யாராவது நிக்கட்டும்" என்றார். என் மேசையில் வேறு ஒருவனா?

குழு வருகிற அன்று காலை, கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பையில் ரேஸர், பிரஷ், சோப்புக் கிண்ணம், கத்தரிக்கோல், படிகாரக்கல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு சுங்க அலுவலகத்தில் போய் நின்றேன். பார்சலை வாங்கியதும் எங்காவது குழாயடியில் மழித்துக்கொண்டு நேரே மேசைக்குப் போவது திட்டம். மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் அதிகாரி அம்மாள் என் பெட்டியைப் பிரித்து வைத்திருந்தார்.

"இவ்வளவு பிளேடு எதுக்கு?"

"சொந்த உபயோகத்துக்குங்க மேடம். முகம் மழிக்க."

அவர் கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "தாடி வச்சிருக்கீங்க."

"பிளேடு உங்ககிட்ட இருக்கு மேடம், அதனாலதான் தாடி என்கிட்ட இருக்கு."

"எல்லாரும் இப்படித்தான் ஏதாவது சொல்றாங்க. இது வியாபாரத்துக்கு வந்த மாதிரி இருக்கு. தாடிக்காரர் ஒருத்தர் பெட்டி நிறைய பிளேடு வாங்கினா யார் நம்புவா?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "மேடம், ஒரே ஒரு பிளேடு கொடுங்க. உங்க கண்ணு முன்னாடியே காட்டுறேன். ஒரு சொட்டு ரத்தம் வந்தாலும் பெட்டியைத் திருப்பி அனுப்பிடுங்க" என்று பையைத் திறந்து மேசைமேல் பரப்பினேன். பக்கத்து மேசைக்காரர், "காட்டட்டும் மேடம், நமக்கும் பொழுது போகணும்ல" என்றார்.

அவ்வளவுதான். ஊழியர்கள் கை கழுவும் தொட்டி, அதற்கு மேல் மூலை உடைந்த ஒரு கண்ணாடி, அதற்கு முன்னால் நான். பின்னால் மொத்த அலுவலகமும். ஒருவர் என் கோட்டை வாங்கிக்கொண்டார், ஒருவர் துண்டு கொடுத்தார், வரிசையில் நின்ற பொதுமக்கள் வரிசையை விட்டு வந்துவிட்டார்கள். கத்தரிக்கோலால் தாடியைக் குறைத்தேன். பிரஷைச் சுழற்றி நுரையை எழுப்பினேன், அது மேகம் மாதிரி எழுந்தது. மெழுகுத்தாளைப் பிரித்து, பிளேடை ரேஸரில் மாட்டித் திருகினேன். ஒரு இழுப்பு, கன்னம் வெளியே வந்தது. "அடேங்கப்பா!" என்றார் யாரோ. மேலுதடு, முகவாய், கடைசியில் அந்தப் பாழாய்ப்போன கழுத்து. அங்கே வந்தபோது குழாய்ச் சத்தம் மட்டும்தான் கேட்டது. கழுவித் துடைத்துத் திரும்பினேன். ஒரு கீறல் இல்லை! அதிகாரி அம்மாள் வெள்ளைக் காகிதம் ஒன்றை நீட்டினார், "கழுத்துல ஒத்திக் காட்டுங்க." ஒத்தினேன். காகிதம் வெள்ளையாகவே இருந்தது. கைதட்டினார்கள் மைத்துனரே, அரசாங்க அலுவலகத்தில் எனக்காகக் கைதட்டினார்கள்!

முத்திரை குத்திக்கொண்டே அந்த அம்மாள், "எங்க வீட்டுக்காரர் தினமும் முகமெல்லாம் பஞ்சு ஒட்டிக்கிட்டுதான் வெளியே வருவார்" என்றார். ஒரு பாக்கெட்டை எடுத்து நீட்டினேன். "அதெல்லாம் கூடாது, எடுத்து வைங்க. எப்படிப் பிடிக்கணும்னு மட்டும் சொல்லுங்க" என்றார். அழுத்தாமல் ரேஸரின் கனத்துக்கே விட்டுவிடச் சொன்னேன்.

ஹோட்டலுக்கு நான் போய்ச் சேரவும் குழு காரிலிருந்து இறங்கவும் சரியாக இருந்தது. வாசல் காவலர் என்னைப் பார்த்து இரண்டு கையாலும் சல்யூட் வைத்தார். குழுத் தலைவர் அறைகளையெல்லாம் பார்த்துவிட்டு, புறப்படும்போது என் மேசைப் பக்கம் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், "என்ன பிளேடு சார்?" என்றார். நட்சத்திரம் கிடைத்துவிட்டது. அது என் தாடையால் கிடைத்தது என்று நான் சொல்லவில்லை, முதலாளிதான் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

இனி கரண்ட் மெஷின் பேச்சை என்னிடம் எடுக்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன். மகள் வீட்டுக்குப் போயிருந்த உங்கள் அக்கா இன்று மாலை திரும்புகிறாள். பெட்டியில் ஒரு வாழ்நாளுக்கான பிளேடு இருக்கிறது, முகம் பளிங்கு மாதிரி இருக்கிறது. இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்? தங்கைக்கு என் விசாரிப்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, நல்ல முகவெட்டோடு வளர என் ஆசிகள்.

இப்படிக்கு,
தலைநிமிர்ந்து நிற்கும்
உங்கள் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் உங்கள் அக்கா வந்துவிட்டாள். வாசலில் பையை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "தாடி எங்கே?" என்றாள். "எடுத்தாச்சு. தொட்டுப் பாரு, வெண்ணெய்!" என்றேன். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "இத்தனை வருஷத்துல இப்பதான் நீங்க பார்க்க அம்சமா இருந்தீங்க. சொன்னா கண்ணு பட்டுடுமோன்னு வாயைத் திறக்காம இருந்தேன். அதைப் போய் எடுத்துட்டு வந்து நிக்கிறீங்களே!" கல்யாணமான நாளிலிருந்து அவள் என் முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை என்பது உங்களுக்குத் தெரியாது. மறுபடியும் தாடி வைக்கலாமா என்று முதலாளிக்குப் போன் செய்தேன். "நட்சத்திரம் வந்தாச்சு, இனிமே நீங்க சடையே வளர்த்துக்குங்க" என்றார். ஆகவே பிளேடுகள் அனைத்தையும் தனிப் பார்சலில் உங்கள் விலாசத்துக்கு அனுப்புகிறேன். உங்கள் ஊர்ச் சுங்கத்தில் மடக்கினால் பயப்படாதீர்கள், ஒரு சோப்பும் துண்டும் எடுத்துக்கொண்டு நேரில் போய்விடுங்கள். கழுத்துக்கு வரும்போது மட்டும் அவசரம் வேண்டாம்.