அட்வான்ஸ் ஸ்தோத்திரம்

குமரி மாவட்டத்திலேயே கடவுளை அவசரப்படுத்திய ஒரே பெண்மணி எங்கள் சபையைச் சேர்ந்தவர் என்பதில் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் பெருமை உண்டு.

அவருக்குப் பெற்றோர் வைத்த நல்லதொரு வேதாகமப் பெயர் இருக்கிறது. அதைச் சொன்னால் ஊரில் யாருக்கும் தெரியாது. 'அட்வான்ஸ் அக்கா' என்றால் கைக்குழந்தைகூட வழி காட்டும். பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகிற சாலையோரத்தில் ஏத்தங்காய், அதாவது நேந்திரங்காய், சிப்ஸ் போடுகிற கடை அவருடையது. எண்ணெய் காய்கிற வரை அவருக்கு நிற்கப் பொறுக்காது. அதற்குள் கடை வாசலைப் பெருக்கி, எதிர்க்கடைக்காரரோடு ஒரு சண்டை போட்டு, ஒரு ஞானப்பாட்டும் பாடி முடித்திருப்பார். எங்கள் பக்கத்தில் 'வெப்ராளம்' என்று ஒரு வார்த்தை உண்டு. மனசும் காலும் ஓரிடத்தில் நிற்காத தவிப்பு. அந்த வார்த்தைக்குச் சேலை கட்டிவிட்டால் அக்காதான்.

பெயர் வந்த கதையைச் சொல்கிறேன். எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை அன்று விளைந்ததில் நல்லதாகப் பார்த்து ஆலயத்துக்குக் கொண்டுவருவார்கள். வாழைக்குலை, மரச்சீனிக் கிழங்கு, தேங்காய், கால் கட்டிய கோழி, எல்லாம் பீடத்துக்கு முன்னால் குவியும். இன்னார் இன்ன நன்மைக்காக இதைப் படைக்கிறார் என்று சபைச் செயலர் மைக்கில் வாசிப்பார், சபையார் 'ஸ்தோத்திரம்' என்பார்கள். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம். அந்தச் செயலர் பல வருஷங்களாக நான்தான்.

மற்றவர்கள் கிடைத்ததற்காக நன்றி சொல்வார்கள். அக்கா கிடைக்கப் போவதற்காகச் சொல்வார். அதையும் கிடைத்தேவிட்டதாகச் சொல்வார். இது தெரியாமல் நான் பொறுப்பேற்ற முதல் வருஷமே மாட்டிக்கொண்டேன்.

"எனக்க மவளுக்குக் கல்யாணம் கூடி வந்ததுக்கு ஒரு ஏத்தன் குலை. சத்தமா வாசியும், கேட்டியளா?" என்றார். சத்தமாகவே வாசித்தேன். ஆராதனை முடிந்ததும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"மாப்பிள எந்த ஊரு யக்கா?"

"ஆருக்குத் தெரியும்? ஆண்டவருதான் இனி காட்டித் தரணும்."

அந்த ஞாயிறு மதியம் பெண் பார்க்க வருவதாக இருந்த களியக்காவிளைக்காரர்கள், பெண்ணுக்குத்தான் நிச்சயம் ஆகிவிட்டதாமே என்று பாதி வழியிலேயே வண்டியைத் திருப்பிவிட்டார்கள். மகள் அம்மாவோடு பேசாமல் இருந்தாள். அக்கா அசரவில்லை. அடுத்த வருஷமே இனயம் ஊரில் நல்ல இடமாக அமைந்தபோது, கல்யாணப் பந்தலில் என்னைத் தேடி வந்து, "பாத்தீரா? நான் அப்பமே சொன்னம்லா?" என்றார்.

இன்னொரு வருஷம் கிணறெல்லாம் வற்றிக் கிடந்தபோது நல்ல மழை தந்ததற்காக ஒரு பூசணிக்காய் படைத்தார். அந்த வாரமே வானம் பொத்துக்கொண்டு ஊற்றி, பக்கத்து வீட்டு மதில் சரிந்தது. மதிலுக்குச் சொந்தக்காரர் அக்காவிடம்தான் நியாயம் கேட்டு வந்தார். "பெய்யச் சொன்னது சரி, அளவும் சேத்துச் சொல்லாண்டாமா?" என்றார் பாவம்.

போதகர் அக்காவைக் கூப்பிட்டு, விசுவாசம் என்றால் பொறுமையாகக் காத்திருப்பது என்று பதமாக எடுத்துச் சொன்னார்.

"காத்திருக்கதுக்குத்தான ஐயா அட்வான்ஸ் குடுக்கேன். அட்வான்ஸ் குடுக்காம வீட்டை எவன் நமக்குப் பிடிச்சு வைப்பான்?" என்றார் அக்கா. போதகர் இறையியல் படித்தவர். அட்வான்ஸ் பாடம் அதில் கிடையாது. பெயர் மட்டும் ஊருக்குக் கிடைத்தது.

இதெல்லாம் சில்லறைக் கதை. அக்காவின் உயிர் கிடந்து துடித்த காரியம் ஒன்றுதான், அது அவருடைய வீட்டுக்காரர். அருமையான கொத்தனார். அவர் பூசிய சுவரில் முகம் பார்க்கலாம். சாயங்காலம் ஆனால் அவர் முகத்தைத்தான் பார்க்க முடியாது. அப்படிக் குடி.

ஒரு பண்டிகையில் அக்கா தூக்க முடியாத குலை ஒன்றை இறக்கிவைத்துவிட்டு, "எனக்க வீட்டுக்காரரு குடிய விட்டதுக்கு" என்றார். சரியாகத்தான் காதில் விழுந்ததா என்று இன்னொரு தடவை கேட்டேன். ஆனாலும் வாசித்தேன். சபையார் ஒரு கணம் திகைத்து, பிறகு 'ஸ்தோத்திரம்' என்றார்கள்.

ஒலிபெருக்கி வெளியே மாமரத்திலும் கட்டியிருந்தது. மரத்தடியில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்த கொத்தனார் தன் பெயரைக் கேட்டு விழித்துவிட்டார். ஏலம் தொடங்கும் நேரத்துக்குச் சரியாக வந்து சேர்ந்தார். ஆளாளுக்குக் கையைப் பிடித்துக் குலுக்கி, "கொள்ளாம் கொத்தனாரே, நல்ல தீருமானம்" என்றார்கள். அவருக்கு வந்ததே கோபம்!

"ஆருவே சொன்னது நான் குடிய விட்டேன்னு? மனுசனுக்க பேரக் கெடுக்கியளா? சத்தியமாச் சொல்லுதேன், நான் விடல்ல! இப்பமும் குடிச்சிட்டுத்தான் நிக்கேன். சந்தேகம் உள்ளவன் கிட்ட வா, ஊதிக் காட்டுதேன்!"

எங்கள் சபையில் எத்தனையோ சாட்சி கேட்டிருக்கிறேன். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொன்ன மனிதர் அவர் ஒருவர்தான். முற்றம் முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அக்கா மட்டும் சேலைத் தலைப்பை முறுக்கியபடி, "உள்ளுக்குள்ள விட்டாச்சு. வெளிய வரத்தான் நேரமெடுக்கு" என்றார்.

கமிட்டி கூடிச் சட்டம் போட்டது. நடந்து முடிந்த நன்மைகளை மட்டுமே இனி வாசிக்க வேண்டும். அதற்குப் பிறகும் வருஷந்தவறாமல் அக்கா அதே காரணத்தோடு வந்தார். நான் சட்டத்தைச் சொல்வேன். அவர் என்னை ஒரு பார்வை பார்ப்பார். கடைசியில் 'குடும்ப நன்மைக்காக' என்று மழுப்பி வாசிப்பேன். எந்த நன்மை என்று எல்லாருக்கும் தெரியும். பெஞ்சுகளில் சிரிப்பு ஓடும்.

நானும்தான் சிரித்தேன். ஆனால் ஒரு வருஷம் அவருடைய வலது கையில் துணி சுற்றியிருந்தது. எண்ணெய் தெறித்துவிட்டதாம். யார் தட்டிவிட்டுத் தெறித்தது என்று ஊருக்கே தெரியும். இன்னொரு நாள் கடைக்குப் போனபோது சட்டியில் சிப்ஸ் கருகிக்கொண்டிருக்க, அக்கா சும்மா நின்றார். அவர் சும்மா நின்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"தம்பி, வாங்கி வாங்கி ஆண்டவருக்கே அலுத்திருக்குமோ?" என்று கேட்டார். கண்ணைத் துடைத்துவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "அலுக்காது. அலுத்தா அவரு என்ன ஆண்டவரு?" அந்த வருஷமும் குலை வந்தது. சின்ன மட்டி வாழைக்குலைதான், ஆனால் வந்துவிட்டது.

அதற்கடுத்த பண்டிகைக்கு முந்தின வாரம் அக்கா கடையிலேயே மயங்கி விழுந்தார். நெஞ்சுவலி. நாகர்கோவிலில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். டாக்டர்கள் எதுவும் உறுதியாகச் சொல்லவில்லை.

பண்டிகைக் காலையில் ஆலய வாசலில் கொத்தனார் நின்றார். வெளுத்த வேட்டி, எண்ணெய் வைத்துச் சீவிய தலை, தோளில் ஒரு பச்சை ஏத்தன் குலை. ஓரிடத்தில் நிற்க முடியாமல் காலை மாற்றி மாற்றி வைத்தார். அக்காவின் வெப்ராளம் அப்படியே இவருக்கு வந்திருந்தது.

"செக்ரட்டரி, அவ சொகமாயி வீட்டுக்கு வந்ததுக்கு. வாசியும்."

"வந்தாச்சா?" என்றேன் ஆவலாக.

"இல்ல. ஐ.சி.யு.ல கெடக்கா."

"கொத்தனாரே, கமிட்டிச் சட்டம்…" என்று இழுத்தேன். அவர் குலையை இறக்கிவைத்தார்.

"எனக்கு ஜெபம் பண்ணத் தெரியாது ஓய். அவ இப்பிடிக் கேக்கத நான் பாத்திருக்கேன், அவ்வளவுதான்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அவ விழுந்ததுல இருந்து தொடல்ல. சந்தேகம் உண்டும்னா ஊதிக் காட்டட்டா?" என்றார். நான் வேண்டாம் என்பதற்குள் என் முகத்துக்கு நேரே ஊதியும் விட்டார். பற்பசை வாசனைதான் வந்தது.

சட்டம் போட்ட கமிட்டி முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, அவர் சொன்னதை ஓர் எழுத்து மாற்றாமல் வாசித்தேன். எல்லாருக்கும் ஆஸ்பத்திரி விஷயம் தெரியும். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அன்று எழுந்த 'ஸ்தோத்திரம்' போல ஒன்றை அந்த ஆலயத்தில் நான் கேட்டதில்லை.

குலையை ஏலத்தில் நானே எடுத்தேன். வீட்டில் கட்டித் தொங்கவிட்டு, யாரும் தொடக்கூடாது என்றேன். அக்கா வீடு வரட்டும், பிறகு தின்னலாம். நடந்த பிறகுதானே எதுவும்? காய் மஞ்சளானது. ஆஸ்பத்திரியில் இருந்து தகவல் இல்லை. மஞ்சளில் புள்ளி விழுந்தது. எனக்கு ராத்திரி உறக்கம் இல்லை, காலையில் எழுந்ததும் குலையைத்தான் பார்ப்பேன். பழ ஈ மொய்க்கத் தொடங்கியது. "கமிட்டிச் சட்டத்தை அடுக்களையிலயும் போட்டாச்சா? பழம் பூரா அழுகுது!" என்று மனைவி கத்தினாள். தோல் முழுக்கக் கறுத்த பிறகு ஒரு நாள் கொத்தனாரிடம் இருந்து போன் வந்தது.

"செக்ரட்டரி, வீட்டுக்கு வந்தாச்சு!"

குலையை அப்படியே ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு போனேன். அக்கா கட்டிலில் மெலிந்து கிடந்தார். கொத்தனார் அடுக்களையில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தார். நான் கதையெல்லாம் சொன்னேன். அக்கா குலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல பழத்த இப்பிடிப் பாழாக்கிட்டேரே! நேரத்தோட தின்னா என்னவாம்? நான் வருவேன்னு ஒமக்குத் தெரியாதாக்கும்?"

தெரியவில்லைதான். குலை படைத்த அந்த மனுஷருக்குத் தெரிந்திருந்தது. கொத்தனார் அதன்பிறகும் ஓரிரு தடவை சறுக்கினார், எழுந்தும் வந்தார். அக்கா கொடுத்த ஸ்தோத்திரம் எதையும் திரும்ப வாங்கவில்லை. இப்போது கடையில் காய் சீவுவது கொத்தனார்தான். சுவர் பூசுவது போலவே நிதானமாகச் சீவுகிறார். அக்கா பக்கத்தில் நின்று பறக்கிறார்.

செயலர் பொறுப்பை நான் விட்டாயிற்று. வருகிற அறுப்பின் பண்டிகைக்கு என் பங்காக ஒரு ஏத்தன் குலை சொல்லிவைத்திருக்கிறேன். புதுச் செயலர் காரணம் கேட்டால், அட்வான்ஸ் அக்கா நூறு வயது வரை நல்லபடியாக இருந்ததற்காக என்று சொல்வேன்.